டிக்கெட்டில் என் மகள் பெயரும் இருக்கிறது: ஒரு விமான நிறுவனத்துக்குத் திறந்த மடல்

திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்கு எங்களை ஏற்றிச் செல்லும் விமான நிறுவனம் ஒன்றின் நிர்வாகிகளுக்கு,

கைக்குழந்தையோடு உங்கள் விமானத்தில் நான் பட்ட பாட்டைப் பற்றித் தந்த புகாரை ‘தீர்க்கப்பட்டது’ என்று குறித்து மூடிவிட்டீர்கள். என்ன தீர்ந்தது என்று எனக்குப் புரியவில்லை, நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் அந்த மின்னஞ்சலில் பதில் இல்லை, ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்ற வரி மட்டும் மேலே ஒரு தடவையும் கீழே ஒரு தடவையும் இருந்தது. அது வந்த சூட்டிலேயே உங்கள் இணையதளத்தில் இன்னொரு அறிவிப்பு: கைக்குழந்தையோடு வருபவர்களை முதலில் ஏற்றும் வழக்கம் இனி கிடையாது, முன்னால் ஏற வேண்டுமென்றால் ‘முன்னுரிமை’ கட்டணம் கட்டிக்கொள்ளலாம். சரி, தனியாக எழுதியதற்கு இதுதான் மரியாதை என்றால் எல்லோரும் படிக்கும்படியே எழுதிவிடுகிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை. போட்டால் மற்ற நிறுவனங்கள் எல்லாம் ‘அது நாங்கள் இல்லை’ என்று ஒதுங்கிக்கொள்ளும். இது நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரியும், புகார் எண் உங்களிடம் இருக்கிறது.

நான் தக்கலைப் பக்கத்துக்காரி. பிள்ளையின் அப்பா அமீரகத்தில் வேலை செய்கிறார். எங்கள் மாவட்டத்தில் இதில் புதுமை ஒன்றும் இல்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் வளைகுடாவில் ஆள் இருக்கும் வீட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை, குளச்சல், தேங்காப்பட்டணம் போனால் அங்கே மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனவர்களும் இருப்பார்கள். பிரசவத்துக்கு ஊருக்கு வருகிற பெண், பிள்ளை கொஞ்சம் தேறியதும் அதைத் தூக்கிக்கொண்டு தனியாகத்தான் திரும்பிப் போகிறாள். கூட வந்து கூட்டிப்போகக் கணவனுக்கு லீவு கிடைக்காது, கிடைத்தாலும் அந்த டிக்கெட் காசுக்கு ஊரில் வேறு செலவு காத்திருக்கும். ஆக, கைக்குழந்தையோடு தனியாக வருகிற பெண் உங்களுக்கு எப்போதோ ஒருமுறை வாய்க்கிற பயணி அல்ல. இந்தத் தடத்தில் அவளை நம்பியும்தான் நீங்கள் விமானம் ஓட்டுகிறீர்கள்.

கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. ஆனால் வெளிநாட்டு விமானம் ஏற வேண்டுமென்றால் இன்றைக்கும் எங்களுக்குத் திருவனந்தபுரம்தான். மாவட்டத்துக்குள் விமான நிலையம் கிடையாது; தூத்துக்குடிக்குப் பக்கத்தில் வாகைக்குளம் இருக்கிறது, அங்கிருந்து வளைகுடாவுக்கு விமானம் இல்லை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டர் போல வரும். தூரம் ஒன்றும் பெரிதல்ல, ரோடுதான் பிரச்சினை. தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, அப்புறம் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று நின்று போகிற பாதை. மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்தும் மற்ற இடங்களில் நெரிசல் குறையவில்லை. நீங்கள் மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறீர்கள், நாங்கள் அதற்கும் மூன்று மணி நேரம் முன்னால் வீட்டைவிட்டு இறங்குகிறோம். பத்து மாதப் பிள்ளை விமானத்தில் கால் வைப்பதற்கு முன்பே ஒரு நாளைக்குத் தாங்கக்கூடியதைத் தாங்கி முடித்திருக்கும்.

வாடகை வண்டியில் அம்மையும் அப்பாவும் கூட வருவார்கள். டிக்கெட் இல்லாதவர்களை முனையத்துக்குள் விட மாட்டார்கள், அது பாதுகாப்பு விதி, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பிள்ளையை என் கையில் தந்துவிட்டு அவர்கள் வெளியே நின்ற பிறகு, அக்கரையில் அவளுடைய அப்பா கையில் சேரும்வரை எனக்கு இருக்கிற ஒரே துணை, காசு வாங்கிய நீங்கள்தான்.

டிக்கெட் எடுக்கும்போது என் மகளின் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் கேட்டீர்கள். கைக்குழந்தைக் கட்டணம் என்று தனியாக வாங்கினீர்கள். இரண்டு வயது நிறையும்வரை இருக்கை கிடையாது, மடியில்தான் என்ற விதி எனக்குத் தெரியும், அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. நான் சொல்வது ஒன்றுதான். இன்ன தேதியில், இன்ன விமானத்தில், தனியாக வருகிற ஒரு பெண்ணின் மடியில் பத்து மாதப் பிள்ளை இருக்கும் என்று பல வாரங்களுக்கு முன்பே உங்கள் கணினிக்குத் தெரியும். அப்படியிருக்க ஒவ்வொரு இடத்திலும் உங்கள் ஆட்கள் ‘ஓ, குழந்தை இருக்கிறதா?’ என்று ஏன் திகைக்கிறார்கள்? கவுண்டரில் திகைப்பு, கேட்டில் திகைப்பு, விமானத்துக்குள் வெந்நீர் கேட்டால் திகைப்பு. காசு வாங்கும்போது மட்டும் திகைப்பே இல்லை.

இருக்கையிலிருந்து தொடங்குகிறேன். முன்பக்கத்தில் நடைபாதை ஓர இருக்கையைத் தனிக் கட்டணம் கட்டி எடுத்திருந்தேன். பிள்ளை அழுதால் யாரையும் எழுப்பாமல் எழுந்து நிற்கலாம், கழிப்பறைக்குப் போகலாம் என்பதுதான் எண்ணம். கேட்டில் போர்டிங் பாஸை வாங்கிப் பார்த்த உங்கள் ஊழியர், அந்த வரிசையில் ஏற்கெனவே ஒரு கைக்குழந்தை இருக்கிறது, ஒரு வரிசையில் இரண்டு கூடாது, ‘ரூல்ஸ்’ என்று சொல்லிப் பின்னால் நடு இருக்கைக்கு மாற்றிவிட்டார். ரூல்ஸ் என்னவென்று அவர் சொல்லவில்லை, நான் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். போயிங் 737, ஏர்பஸ் 320 மாதிரி ஒற்றை நடைபாதை விமானங்களில் மூன்று இருக்கைகளுக்கு மேலே பொதுவாக நான்கு ஆக்சிஜன் முகமூடிகள்தான் இருக்கும். மூன்று பெரியவர்கள், ஒரு மடிக்குழந்தை, அவ்வளவுதான் கணக்கு. இன்னொரு மடிக்குழந்தை வந்தால் அதற்கு முகமூடி இருக்காது. நியாயமான விதி, மனதார ஒப்புக்கொள்கிறேன். சொல்லியிருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் மாறியிருப்பேன்.

ஆனால் அந்த வரிசையில் ஏற்கெனவே ஒரு கைக்குழந்தைக்கு இடம் கொடுத்த பிறகு, இன்னொரு கைக்குழந்தைக்காரிக்கு அதே வரிசையைக் காசு வாங்கிக்கொண்டு விற்றது யார்? உங்கள் இணையதளம். எல்லாக் கைக்குழந்தைகளின் பெயரும் அதனிடம் இருந்தது. அவசர வழிக்குப் பக்கத்து இருக்கையைக் குழந்தையோடு வருபவர் தொட்டாலே அது விடுவதில்லை, அந்த அளவுக்கு அறிவு அதற்கு இருக்கிறது. அந்த அறிவை இன்னும் ஒரு படி நீட்ட முடியாதா? கட்டிய இருக்கைக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ‘பாதுகாப்புக் காரணங்களுக்காக இருக்கை மாற்றப்பட்டால் கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்று எழுதினீர்கள். விதியை மீறி விற்றது நீங்கள், விதிக்குக் காசு கட்டியது நான்.

நடு இருக்கை என்றால் என்ன என்று உங்களில் யாராவது பால் கொடுக்கிற ஒரு தாயிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் முன்பின் தெரியாத ஆண்கள், கைப்பிடி இரண்டும் அவர்களுக்கு, முன் இருக்கை சாய்ந்துவிட்டால் பிள்ளையின் தலை அதில் முட்டும். துப்பட்டாவைப் போட்டு மறைத்துக்கொண்டு பால் கொடுக்க முழங்கையை விரிக்கக்கூட இடம் இல்லை. அந்த இருவரையும் நான் குறை சொல்லவே மாட்டேன். ஒருவர் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்; கேட்காமலேயே எழுந்து நடைபாதைப் பக்கத்தை எனக்குக் கொடுத்துவிட்டு நடுவில் போய் உட்கார்ந்தார், நான் கழிப்பறைக்குப் போனபோது பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டார். எங்கள் பெண்கள் பலர் சொல்கிற கதையும் இதுதான், கூட வருகிற ஆட்கள்தான் பார்த்துக்கொண்டார்கள் என்று. உங்கள் தடத்தில் குழந்தைகளுக்கான சேவை என்று ஒன்று நடக்கிறது என்றால் அதைச் சம்பளம் இல்லாமல் நடத்துவது இந்தத் தொழிலாளிகள்.

அடுத்தது காது. இதில்தான் எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் இதைச் சரிசெய்ய உங்களுக்கு ஒரு பைசா செலவு இல்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பது போல இருக்காது, சுமார் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கிற அளவுக்குத்தான் வைத்திருப்பார்கள். அதாவது கிட்டத்தட்ட கொடைக்கானல், ஊட்டி உயரம். அங்கிருந்து கடல்மட்டத்துக்குப் பேருந்தில் இறங்கப் பல மணி நேரம் ஆகும். விமானம் அதை அரைமணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறது. காதுக்கும் தொண்டைக்கும் நடுவே உள்ள குழல் திறந்து அழுத்தம் சமமானால்தான் வலி இருக்காது. பெரியவர்கள் கொட்டாவி விட்டோ எச்சில் விழுங்கியோ சமாளிப்போம். பிள்ளைக்கு அது தெரியாது, அது விழுங்க வேண்டுமென்றால் அப்போது பால் கொடுக்க வேண்டும். ஏறும்போது கொடுக்க வேண்டும், இறங்கும்போது கட்டாயம் கொடுக்க வேண்டும், இறங்கும்போதுதான் வலி அதிகம். குழந்தை மருத்துவர்கள் எல்லோரும் சொல்கிற எளிய வழி இது.

இதில் சிக்கல் எங்கே? விமானம் இறங்கத் தொடங்குவது எப்போது என்று எங்களுக்குத் தெரியாது. சீட் பெல்ட் விளக்கு எரிந்து அறிவிப்பு வருவதற்குள் பாதி இறக்கம் முடிந்துவிடுகிறது, தூங்குகிற பிள்ளை அலறி எழுந்துவிடுகிறது, அப்புறம் எந்தப் பிள்ளையும் பால் குடிக்காது. விமானிக்குத் தெரியும், பணிப்பெண்களுக்கும் முன்கூட்டியே சொல்லப்படுகிறது, கைக்குழந்தை எந்த இருக்கையில் என்ற பட்டியலும் அவர்களிடம் இருக்கிறது. ஒருவர் வந்து ‘இன்னும் ஐந்து நிமிஷத்தில் இறங்கத் தொடங்கும், பிள்ளையை எழுப்பிப் பால் கொடுங்கள்’ என்று காதில் சொன்னால் போதும். அவ்வளவுதான். முழு விமானத்துக்கும் அந்த அரைமணி நேர அழுகை மிச்சம். அழுகிற பிள்ளையைப் பார்த்து முகம் சுளிக்கிற பயணிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அது வளர்ப்புக் கோளாறு இல்லை, காதுவலி.

வெந்நீர்க் கதைக்கு வருகிறேன். எனக்குப் பால் போதாததால் பால்பொடியும் கொடுக்கிறேன். பால்பொடி கிருமி நீக்கிய பொருள் அல்ல, அதனால் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத நீரில் கலக்கி, பிறகு ஆற்றிக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. நான் கேட்டபோது முதலில் உணவு விற்பனை முடியட்டும் என்றார்கள். முடிந்தது. அப்புறம் சூடான நீர் கொடுக்க அனுமதி இல்லை, கையில் கொட்டினால் ஆபத்து என்றார்கள். சரி என்று நினைத்தேன், விமானம் குலுங்கினால் ஆபத்துதானே. ஆனால் அதே நேரத்தில் எதிர் வரிசைக்காரர் வாங்கிய கப் நூடுல்ஸில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்! காசு கொடுத்து வாங்கிய நூடுல்ஸுக்குக் கொட்டாத வெந்நீர், பால் பாட்டிலுக்கு மட்டும் கொட்டிவிடுமா? பாட்டிலை வாங்கிக்கொண்டுபோய், நீங்கள் சமையல் வைக்கும் இடத்திலேயே நீரை ஊற்றி, மூடியைத் திருகிக் கொண்டுவந்து தந்தால் யார் கையிலும் கொட்டாது. கடைசியில் கிடைத்தது வெதுவெதுப்பான நீர். அதில் கலக்க மனம் வராமல் தாய்ப்பாலையே கொடுத்துச் சமாளித்தேன்.

பிளாஸ்கில் கொண்டுவர வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். வெளிநாட்டுப் பயணத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கைப்பையில் கூடாது என்ற விதியிலிருந்து குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் விலக்கு உண்டு, ஆனால் ஒரு பிளாஸ்க் வெந்நீரை எந்தக் காவலர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பது அன்றைய அதிர்ஷ்டம். அதுபோக, வீட்டில் காய்ச்சிய நீர் ஆறு ஏழு மணி நேரம் கழித்து என்ன சூட்டில் இருக்கும்?

பையைப் பற்றியும் ஒரு வரி. கைப்பைக்கு மேல் கூடுதலாகக் கொண்டுபோகலாம் என்று நம் நாட்டு விமானப் பயண விதிகள் சொல்கிற பட்டியலில், பயணத்தில் குழந்தைக்கு வேண்டிய உணவும் குழந்தையைத் தூக்கும் கூடையும் இருக்கின்றன. உங்கள் கேட்டில் டயப்பர், மாற்றுத்துணி, பால்பொடி, அம்மை வறுத்துப் பொடித்துத் தந்த ஏத்தங்காய்ப் பொடி இருந்த பையையும் என் கைப்பையோடு சேர்த்து எடைபோட்டு, ஏழு கிலோவைத் தாண்டியதாகக் காசு கேட்டார்கள். கேட்ட காசைக் கட்டினேன். விமானம் புறப்படுகிற நேரத்தில், ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு, விதிப் பட்டியலை எடுத்துக்காட்டி வாதாட எவளால் முடியும்? அந்த நேரத்தில் யாராலும் முடியாது என்று தெரிந்துதான் அந்த எடைக்கல் கேட்டில் இருக்கிறதோ என்றுகூடத் தோன்றுகிறது.

இப்போது அந்தப் புது அறிவிப்பு. முன்னால் ஏறுவது எங்களுக்குச் சொகுசு அல்ல. பையை மேலே வைக்க இரண்டு கை வேண்டும், என்னிடம் இருப்பது ஒன்று. பின்னால் நூறு பேர் நடைபாதையில் காத்து நிற்க, நான் பிள்ளையை எந்த இருக்கையில் போட்டுவிட்டுப் பையைத் தூக்குவது? எங்களை முதலில் விட்டால் மற்றவர்கள் ஏறுவதும் வேகமாக முடியும், உங்கள் விமானம் நேரத்துக்குக் கிளம்பும். திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடலுக்கு ஓடுபாதையைக் கடந்து போவதற்காக, பங்குனியிலும் ஐப்பசியிலும் விமானங்களைச் சில மணி நேரம் நிறுத்தி வைக்கிறார்கள். எல்லா விமான நிறுவனமும், நீங்களும்தான், முன்கூட்டியே நேரத்தை மாற்றி அறிவித்து ஒத்துப்போகிறீர்கள். நல்ல விஷயம், எனக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும். சாமிக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்க முடிகிற இடத்தில் கைப்பிள்ளைகளுக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கக் கட்டணம் கேட்பது உங்களுக்கே கூச்சமாக இல்லையா?

திரும்பி வரும்போது ஸ்ட்ரோலர். விமான வாசல்வரை தள்ளிக்கொண்டு வரலாம், அங்கே கொடுத்தால் இறங்கும்போது அதே வாசலில் கிடைக்கும் என்று கவுண்டரில் சொல்லிச் சீட்டுக் கட்டினார்கள். இறங்கினால் வாசலில் இல்லை. பெட்டி வருகிற பெல்ட்டில் போய்ப் பாருங்கள் என்றார்கள். நடுச்சாமத்தில், தூங்கிக் கனத்துப்போன பிள்ளையைத் தோளிலும் பையை முதுகிலும் போட்டுக்கொண்டு, நீண்ட நடைவழி, குடியுரிமைச் சோதனை வரிசை எல்லாம் தாண்டிப் பெல்ட்டுக்கு வந்தால், ஒரு சக்கரம் உடைந்து சுற்றி வருகிறது. உங்கள் மேசையில் இருந்தவர் படம் எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள் எழுதினேன், ‘விமான நிலையத்தை விட்டு வெளியேறிய பிறகு சேதப் புகார் ஏற்கப்படாது’ என்று பதில். இது தவறு என்று உங்கள் சட்டப் பிரிவுக்கே தெரிந்திருக்கும். 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009இல் சேர்ந்தது. பதிவுசெய்து ஒப்படைத்த பொருள் சேதமானால் கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தரலாம் என்பது அதில் உள்ள விதி. நான் ஒரு வாரத்துக்குள்தான் எழுதினேன். தேதி உங்கள் மின்னஞ்சலிலேயே இருக்கிறது.

என் கதை மட்டும் இல்லை. என் மதினி நான்கு வயதுப் பையனையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு உள்நாட்டு விமானத்தில் வந்தபோது பையனுக்கு ஏழு வரிசை தள்ளி இருக்கை போட்டிருந்தார்கள், சேர்ந்து உட்காரக் காசு கட்டு என்றார்கள். 12 வயது வரையான பிள்ளைகளுக்கு, ஒரே டிக்கெட் பதிவில் வருகிற பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இருக்கை ஒதுக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அவளுக்கு அது தெரியாது. நமக்குத் தெரியாத உரிமைக்கு நம்மிடமே காசு வாங்குவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றையும் கேட்டிருந்தேன், அதற்கும் பதில் இல்லை: காசு கட்டித் தனி இருக்கை எடுத்தால் பிள்ளையின் கார் சீட்டை அதில் கட்டி வைக்க விடுவீர்களா? இது வீண் ஆசை அல்ல. 1989இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் விபத்துக்குள்ளானபோது மடிக்குழந்தைகள் நான்கு பேர் இருந்தார்கள். அன்றைய நடைமுறைப்படி தரையில் கிடத்தச் சொன்னார்கள். அதில் ஒரு குழந்தை இறந்தது. அப்படிச் சொல்ல நேர்ந்த தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் அதன்பிறகு, குழந்தைக்கும் தனி இருக்கை வேண்டும் என்று பல வருஷம் போராடினார். கட்டாயமாக்கினால் செலவுக்குப் பயந்து குடும்பங்கள் காரில் போய்விடும், சாலையில் சாவு கூடும் என்பது அமெரிக்க அரசு சொன்ன வாதம். அமீரகத்துக்கு எங்களுக்கு ரோடு இல்லை, அந்த வாதம் இங்கே எடுபடாது. கடன் வாங்கி டிக்கெட் எடுக்கிற எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதைக் கட்டாயமாக்கச் சொல்லவும் மாட்டேன். முடிந்தவர் கேட்டால் ‘முடியும்’ அல்லது ‘முடியாது’ என்று சொல்லுங்கள் என்கிறேன்.

உங்கள் பணிப்பெண்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒருத்தி வேலை முடிந்து வந்து மெதுவாக, ‘எங்களுக்குச் சொல்லித் தந்ததே இவ்வளவுதான் அக்கா’ என்றாள். நான் நம்புகிறேன். குறைந்த கட்டணத்தில் இதெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது என்று நீங்கள் சொல்லலாம். நான் மெத்தையோ பொம்மையோ கேட்கவில்லை, ஒற்றை நடைபாதை விமானத்தில் தொட்டில் மாட்ட இடம் இருக்காது என்பதும் தெரியும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற தகவலைப் பயன்படுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆகவே, எனக்கு வேண்டியவை இவை. கைக்குழந்தையோடும் சிறு பிள்ளையோடும் வருபவர்களைக் கட்டணமின்றி முதலில் ஏற்றும் வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அந்த அறிவிப்பை எடுத்துவிடுங்கள். ஒரு வரிசையில் ஒரு கைக்குழந்தை பதிவானதும் அந்த வரிசை அடுத்த கைக்குழந்தைக்கு விற்பனையில் காட்டாதபடி இணையதளத்தைத் திருத்துங்கள், அதுவரை இப்படி மாற்றப்படுகிறவர்களுக்கு இருக்கைக் கட்டணத்தைக் கேட்காமலே திருப்பிக் கொடுங்கள், தனியாக வருகிற தாய்க்கு நடு இருக்கையைக் கொடுக்காதீர்கள். இறங்கத் தொடங்குவதற்கு முன் கைக்குழந்தை உள்ள ஒவ்வொரு இருக்கைக்கும் போய்ச் சொல்ல வேண்டும் என்பதைப் பணியாளர் பயிற்சியில் எழுத்தில் சேருங்கள், எங்கள் தடத்தில் அதைத் தமிழிலோ மலையாளத்திலோ சொல்லத் தெரிந்த ஒருவராவது இருக்கட்டும். பால்பொடிக்கு வெந்நீரை இலவசமாக, உள்ளே கலக்கி மூடிக் கொடுப்பதை நடைமுறையாக்குங்கள். குழந்தையின் உணவுப்பையைக் கேட்டில் எடை போடாதீர்கள்.

ஸ்ட்ரோலர் எங்கே கிடைக்கும் என்பதைச் சீட்டிலேயே அச்சிடுங்கள், வாசலில் தர முடியாத ஊர் என்றால் ஏறுவதற்கு முன்பே சொல்லுங்கள், நான் துணித்தூளியில் கட்டிக்கொள்வேன். கார் சீட் பற்றிய கேள்விக்கு இணையதளத்தில் தெளிவாகப் பதில் எழுதுங்கள்.

என் சொந்தக் கணக்கில் மூன்று: பறித்த இருக்கைக்கான கட்டணம், குழந்தைப் பைக்கு வாங்கிய கட்டணம், உடைந்த ஸ்ட்ரோலருக்கான இழப்பீடு. புகாரை மறுபடி திறந்து 30 நாளுக்குள் இந்த மூன்றுக்கும் தனித்தனியாக எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் பதிவுசெய்வேன், அதன்பிறகு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. போர்டிங் பாஸ், கட்டண ரசீதுகள், ஸ்ட்ரோலர் படம், உங்கள் இரண்டு மின்னஞ்சல்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து, உங்கள் பயணிகள் பட்டியலில் கைக்குழந்தையோடு பதிவான ஒரு தாய்